கொடியின் வயதுக்கு விலை உண்டா?

உசிலம்பட்டியில் பன்னீர் திராட்சையைக் குவித்து விற்பவரிடம் கொடியின் வயதை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் இறங்கும் பழம் அது; கிலோ என்ன விலை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தென் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில், நூறாண்டு கடந்த ஷிராஸ் கொடிகளின் சிவப்பு ஒயினைச் சுவைத்த பிறகே கொடியின் வயது பற்றி யோசித்தேன்.

மதுவுக்குப் பரிந்துபேச இதை எழுதவில்லை. அங்கே ஊற்றித் தருவது இரண்டு மடக்கு. சுவைத்தபின் துப்புவதற்கும் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். இனிப்பை எதிர்பார்த்த எனக்கு முதலில் ஏமாற்றம்தான். பிறகு நாவற்பழத்தின் சாயலும், நுணுக்கிய மிளகின் மணமும் தெரிந்தன. துவர்ப்பு நெடுநேரம் நின்றது. ஆனால் நாக்கை இழுக்கவில்லை.

வயதான கொடி குறைவாகவே காய்க்கும். வேர் ஆழத்தில் இருப்பதால் வறட்சியில் சட்டென வாடாது. பழம் சிறுத்திருந்தால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே வருகின்றன. வயது மட்டுமே சுவை தருகிறதா, நல்ல நிலத்துக் கொடிகளை மட்டுமே மக்கள் காத்துவந்தார்களா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. இரண்டாவது காரணத்துக்கும் பெரும் பங்கு உண்டென்றே நான் நினைக்கிறேன்.

பரோசாவின் லாங்மைல் தோட்டத்தில் 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸரா பூச்சி தென் ஆஸ்திரேலியாவை எட்டவில்லை. ஆனால், பூச்சி செய்யாததைச் சந்தை செய்யப் பார்த்தது. திராட்சை மிகுந்து விலை வீழ்ந்த 1980-களில், கொடிகளைப் பிடுங்க அரசே பணம் கொடுத்தது. பழங்கொடிகள் பல அப்போது அழிந்தன. அந்நாளில் ராக்ஃபோர்டு ஒயின் ஆலையின் ராபர்ட் ஓகாலகன் போன்ற சிலர் பழங்கொடிப் பழத்துக்குக் கூடுதல் விலை தந்தார்கள். 2009-இல் அப்பகுதியினர் கொடிகளை 35, 70, 100, 125 ஆண்டு என வயதுவாரியாக வகைப்படுத்தினார்கள்.

இனி கம்பத்துக்கு வருவோம். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் இங்கே திராட்சையைக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால், நம் வெயிலில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை. கவாத்து செய்து செய்து இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை வரை எடுக்கிறார்கள். ஆண்டு முழுவதும் பழம் கிடைப்பது பள்ளத்தாக்கின் பெருமை. கொடி சீக்கிரம் தளர்வது அதன் விலை. நூறாண்டுக் கொடியை இங்கே எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆயினும், எடைக்கு மட்டுமே காசு என்றால், குறைவாகக் காய்க்கும் கொடியை எந்த விவசாயி வைத்திருப்பார்? புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். விலையைத் தானாக உயர்த்தாது. பழச்சாறு, ஒயின் ஆலைகள் இனிப்பளவையும் மணத்தையும் பார்த்து விலை வகுத்து, முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யட்டும். ஓர் அறுவடையைக் குறைத்துக் கொடிக்கு ஓய்வு தரும் விவசாயிக்கு, அந்த இழப்பை அந்த விலை ஈடுகட்ட வேண்டும்.