ஒரே கடல், ஒரே மணல்... ஆனால் கால்பந்து வீரர்கள் சில ஊர்களிலிருந்து மட்டும் அதிகம் வருவது ஏன்?

கூடங்குளம் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அணுமின் நிலையம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்துக்குப் போனால் இடிந்தகரை. அதன் இருபுறமும் கூட்டப்புளி, பெருமணல், கூத்தங்குழி, உவரி என்று வரிசையாக மீனவ கிராமங்கள். வெயில் தாழ்ந்ததும் பசங்க மணலில் இறங்கிவிடுவார்கள். செருப்பை ஊன்றினால் கோல் போஸ்ட், பந்து ஒன்று இருந்தால் மேட்ச்.

இதே கரையைப் பிடித்து மேற்கே போனால் கன்னியாகுமரி. அதையும் தாண்டி, கேரள எல்லையை ஒட்டி, தூத்தூர் வட்டாரம். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என எட்டு கிராமங்கள். அங்கேயும் அதே கடல், அதே தொழில், அதே கோயில் திருவிழா. ஆனால் தென்கோடியில் கால்பந்து என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் தூத்தூர் பக்கம்தான். இரவிபுத்தன்துறையின் மீனவக் குடும்பத்தில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற அணியில் ஆடினார். 2019-ல் இந்திய அணியின் ஜெர்சியும் போட்டார்.

ஒரே மாதிரி இரண்டு கரைகள். ஒன்றிலிருந்து மட்டும் வீரர்கள் அதிகம் வருவது எப்படி?

ரத்தத்தில் ஓடுகிறதா?

'அவங்க உடம்பு வாகே அப்படி' என்பதுதான் நம்மூரில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். ஆனால் தென்மாவட்ட வரைபடத்தைப் பார்த்தாலே அந்தப் பதில் ஆட்டம் காணும். கோவில்பட்டி என்றால் ஹாக்கி. இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். அதே தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி என்றால் கபடி. அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் ஊர் அது. 2025-ல் வந்த 'பைசன்' படத்துக்கு அவருடைய வாழ்க்கைதான் தூண்டுதல்.

சில மணி நேரப் பயண தூரத்துக்குள் மூன்று ஊர், மூன்று விளையாட்டு. இதை உடல்வாகை வைத்து விளக்க முடியாது. ஊர் எதை விளையாடப் பழகியிருக்கிறது, அதற்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

இந்தியாவுக்குள்ளேயே பெரிய உதாரணம் மணிப்பூர். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள்தொகை சுமார் 28 லட்சம். நாட்டின் மக்கள்தொகையில் கால் சதவீதம்கூட வராது. ஆனால் 2017-ல் டெல்லியில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இறங்கிய இந்திய அணியின் 21 பேரில் 8 பேர் மணிப்பூர்க்காரர்கள். அங்கே கிரிக்கெட்டுக்கு முன்பே கால்பந்து வேரூன்றிவிட்டது. குடியிருப்புப் பகுதிக்கு ஒரு கிளப் இருப்பது அங்கே சாதாரணம்.

வீரர்களை அதிகம் தரும் ஊர்களை எடுத்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப நான்கு விஷயங்கள் கண்ணில் படும்.

1. கோச் இல்லாத ஆட்டம்

பத்து வயதுக்குள் ஒரு பையன் பந்தோடு எத்தனை மணி நேரம் செலவிடுகிறான் என்பது முக்கியம். கடற்கரைக்கு வாடகை கிடையாது, டைம் ஸ்லாட் கிடையாது. மணலில் பந்து சரியாக உருளாது, கால் புதையும். அதனால் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ள, குறுகிய இடத்தில் திரும்ப, தானாகவே பழக்கம் வரும்.

பெரிய நகரத்தில் வளரும் பையனுக்கு அகாடமி இருக்கும், ஷூ இருக்கும். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம்தான் ஆட்டம். கனடா ஆய்வாளர் ஜான் கோட்டேயின் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க, கனடா தொழில்முறை வீரர்களின் பிறந்த ஊர்களை எடுத்துப் பார்த்தது. பெருநகரங்களைவிட, ஐந்து லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களிலிருந்து வந்தவர்களே எதிர்பார்த்ததைவிட அதிகம். சின்ன ஊரில் பிள்ளைகளுக்குத் தாங்களாகவே விளையாட இடமும் நேரமும் அதிகம் கிடைப்பது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இந்த விஷயத்தில் இடிந்தகரைக்கும் தூத்தூருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அடுத்த படியில்தான் ஆரம்பிக்கிறது.

2. ஜெயிக்க வேண்டிய மேட்ச்

நண்பர்களோடு ஆடுவது வேறு, ஊரே சுற்றி நின்று பார்க்கும்போது ஆடுவது வேறு. தூத்தூர் வட்டாரத்துக்கு எல்லை ஒரு வரம். கொஞ்சம் நகர்ந்தால் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொழியூர். அதுவும் கால்பந்துக்குப் பெயர் போன கடலோர ஊர். எட்டு கிராமமும் ஒன்றோடொன்று ஒட்டியே இருப்பதால் எதிரணியைத் தேடிப் பஸ் ஏற வேண்டியதில்லை. போட்டி அடுத்த தெருவிலேயே காத்திருக்கிறது.

மலப்புறத்தில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அங்கே 'செவன்ஸ்' எனப்படும் எழுவர் கால்பந்துக்குத் தனி சீசன் உண்டு. அறுவடை முடிந்த வயல்களில் கேலரி கட்டி, டிக்கெட் போட்டு நடத்துவார்கள். சின்ன மைதானத்தில் பந்து ஒவ்வொருவர் காலுக்கும் அடிக்கடி வரும், யோசிக்க நேரம் இருக்காது. இந்திய அணிக்கு ஆடிய அனஸ் எடத்தொடிகாவும் ஆஷிக் குருணியனும் அந்த மாவட்டத்துக்காரர்கள்.

3. 'நம்ம தெரு அண்ணன்'

மெஸ்ஸியின் போஸ்டர் ஆசையைக் கொடுக்கும். ஆனால் நம்பிக்கையைக் கொடுப்பது, நேற்றுவரை நம்மோடு மணலில் ஆடிய அண்ணன் டிவியில் வருவதுதான். சூசைராஜின் அண்ணன் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை வீரர். 2018-19 ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணியில் அவர் இருந்தார். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஜெயித்தால், அந்தத் தெருவில் இருக்கும் இருபது பையன்களுக்கு வழி தெரிந்துவிடும். எந்த கிளப்புக்கு ட்ரையல்ஸ் போகணும், யாரைப் பார்க்கணும், எந்தக் கல்லூரியில் சேர்ந்தால் பல்கலைக்கழக அணி வரை போகலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைக்கும்.

வடசென்னையின் வியாசர்பாடியிலும் இதுதான் நடந்தது. அங்கிருந்து தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி.க்குப் போனதும், அடுத்த செட் பசங்களுக்கு அது எட்டக்கூடிய கனவாகிவிட்டது.

4. கடைசியில் ஒரு வேலை

பெற்றோர் மனதில் ஓடும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஆடி என்ன செய்யப் போறே?" அதற்குப் பதில் இருக்கும் ஊரில்தான் பையன் 18 வயதுக்குப் பிறகும் பூட்ஸைக் கழற்றுவதில்லை. ரயில்வே, போலீஸ், வங்கி, துறைமுகம் என விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலைகள்தான் பல பத்தாண்டுகளாக இந்தியக் கால்பந்தைத் தாங்கி நிற்கின்றன. தமிழக அரசுப் பணியிலும் 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு.

தூத்தூர் ஆழ்கடல் மீனவர்களின் ஊர். போனால் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகும். 2017 நவம்பர் 30 அன்று அடித்த ஒக்கி புயல் அந்தக் கிராமங்களிலிருந்து ஏராளமானவர்களைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட வீட்டில் சம்பளத்தோடு கரையில் ஒரு வேலை என்பதன் மதிப்பு வேறு. அங்கே கால்பந்தை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியாது.

இல்லாத இடத்தில் உருவாக்க முடியுமா?

முடியும். ஐஸ்லாந்தைப் பாருங்கள். மக்கள்தொகை சுமார் நான்கு லட்சம், அதாவது திருநெல்வேலி மாநகராட்சியைவிடக் குறைவு. வருடத்தில் பாதி நாள் பனியும் இருட்டும். 2000-க்குப் பிறகு அங்கே ஊர் ஊராகக் கூரை போட்ட உள்விளையாட்டு மைதானங்கள் கட்டினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட உரிமம் பெற்ற, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்தான் சொல்லிக்கொடுக்கிறார். 2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என வீழ்த்தினார்கள். 2018-ல் உலகக் கோப்பைக்கே போனார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தமிழகப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். அந்த வளர்ச்சியின் முகமான இந்துமதி கதிரேசன், கடலூரிலிருந்து வந்து இந்திய அணிக்கு ஆடியவர், தமிழகக் காவல்துறையில் எஸ்.ஐ. பெண் பிள்ளைக்குத் தெருவில் இறங்கி ஆடும் வாய்ப்பு குறைவு. அதனால் பயிற்சியாளரும் பாதுகாப்பான மைதானமும் கிடைக்கும் ஊரிலிருந்துதான் அவர்கள் மேலே வருகிறார்கள். திறமை எல்லா ஊரிலும் இருக்கிறது, வாய்ப்பு இருக்கும் ஊரில்தான் அது கண்ணில் படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

மணலே போய்விட்டால்?

இதற்கிடையே முதல் படியே ஆட்டம் காண்கிறது. தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, 1990 முதல் 2018 வரை இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு ஆளாகியிருக்கிறது. தூத்தூர் வட்டாரமும் இதில் தப்பவில்லை. தென்கடலோரத்தில் வீடுகளைக் காப்பாற்றக் கல் கொட்டுகிறார்கள், தூண்டில் வளைவு கட்டுகிறார்கள். அது அவசியம்தான். ஆனால் பாறை குவித்த கரையில் பந்து ஆட முடியாது. கடல் தின்ற மணலோடு அந்த ஊரின் இலவச மைதானமும் சேர்ந்தே போகிறது.

கூடங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கென்று 2012-ல் தமிழக அரசு அறிவித்த சிறப்பு வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பு 500 கோடி ரூபாய். அந்த அளவு பணத்தோடு ஒப்பிட்டால், கால்பந்துக்குத் தேவையானது ரொம்பச் சின்னத் தொகை. கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, விளக்கு போட்ட ஒரு மைதானம். கூட்டப்புளியிலிருந்து உவரி வரை கிராமத்துக்கு ஓர் அணி வைத்து, பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் தனித்தனியாக வருடம் முழுக்க நடக்கும் வார லீக். மாதச் சம்பளத்தில் ஒரு பயிற்சியாளர்.

பந்தோடு கழிக்கும் மணி நேரங்களை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே தங்கள் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இன்று சாயங்காலமும் இடிந்தகரை மணலில் ஆட்டம் நடக்கும். அதைப் பார்க்க ஒரு பயிற்சியாளர் வந்து நிற்கிறாரா என்பதுதான் கேள்வி.