ஒரே நாடகம்... இரண்டு தீர்ப்பு!



பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் நடித்து முடித்து, மேடையை விட்டு இறங்குகிறீர்கள். 'சூப்பர்டி...' என்கிறாள் தோழி. 'நடுவுல வசனத்தை மறந்துட்ட போலிருக்கே...' என்கிறார், பக்கத்து வீட்டு மாமா. அன்று இரவு படுக்கும்போது, எது காதில் ஒலித்துக் கொண்டே இருக்கும்? மாமா சொன்னது தானே!

ஒருவர் சொன்னதற்கே இப்படி என்றால், ஊரே படிக்கும் செய்தித்தாளில், 'நாடகம் சுமார்' என்று அச்சாகி வந்தால் எப்படி இருக்கும்? அதைத் தாங்கிய ஒரு குழுவின் கதை இது.

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ. இங்கு 1947ல் பெரிய கலைவிழா ஒன்று துவங்கியது. அதற்கு எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பே இல்லாமல் வந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டன. இப்படிப் பிறந்தது தான், 'பிரிஞ்ச்' விழா. சமீப ஆண்டுகளில், ஆகஸ்ட் மாதம் இங்கு 3,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கின்றன. யார் வேண்டுமானாலும் பங்கேற்கலாம். தேர்வுக் குழுவே கிடையாது!

இத்தனையில் எதைப் பார்ப்பது? விமர்சகர்கள் தரும் நட்சத்திரங்களைப் பார்த்துத் தான் பலர் முடிவு செய்வர். ஐந்து நட்சத்திரம் கிடைத்தால், அதை நோட்டீசில் ஒட்டி, 'ராயல் மைல்' என்ற தெருவில் நின்று கலைஞர்களே வினியோகிப்பர். ஒரே ஒரு நட்சத்திரம் கிடைத்தவர்களும், மறுநாள் மேடை ஏறித்தான் ஆக வேண்டும்!

ஆகஸ்ட் 24, 1966 புதன்கிழமை. அந்தத் தெருவை ஒட்டிய ஒரு சிறிய அரங்கில், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு புது நாடகம் போட்டனர். எழுதியவர், 29 வயது டாம் ஸ்டாப்பார்டு. செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து, போருக்குத் தப்பி வந்து, சிறுவயதில் நம் டார்ஜிலிங்கில் படித்தவர். கல்லூரிப் படியே ஏறாதவர்!

நாடகம் வித்தியாசமானது. ஷேக்ஸ்பியரின், 'ஹாம்லெட்' நாடகத்தில், ரோசன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டர்ன் என்று இரண்டு சின்ன பாத்திரங்கள் உண்டு. அவர்களையே கதாநாயகர்கள் ஆக்கி விட்டார் ஸ்டாப்பார்டு. இருவரும் நாணயம் சுண்டுவர். திரும்பத் திரும்ப தலையே விழும். சுற்றி என்ன நடக்கிறது என்று, கடைசி வரை இருவருக்கும் சரியாகப் புரியாது.

உள்ளூர் பத்திரிகைகளுக்கும் நாடகம் பிடிக்கவில்லை. பாராட்டை எதிர்பார்த்த மாணவர்களின் முகம் எப்படி வாடியிருக்கும்! ஆனாலும், அவர்கள் நாடகத்தை நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, லண்டனில் இருந்து வரும், 'அப்சர்வர்' பத்திரிகையைப் பிரித்தால் ஆச்சரியம்! ரொனால்ட் பிரைடன் என்ற விமர்சகர், அதே நாடகத்தை ஆகா, ஓகோவென்று புகழ்ந்திருந்தார். அதைப் படித்த தேசிய நாடக அரங்கைச் சேர்ந்த கென்னத் டைனன், பிரதியை அனுப்பும்படி தந்தி அடித்தார். அடுத்த ஏப்ரலில் லண்டனில் அரங்கேறி, பின் நியூயார்க் சென்று, 1968ல் சிறந்த நாடகத்துக்கான, 'டோனி' விருதையும் வென்றது!

லண்டனில் நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள். அந்த மாணவர்கள் அல்ல. ஆனால், அந்த நாடகத்தை முதன்முதலில் மேடையேற்றிய பெருமை, என்றும் மாணவர்களுக்குத் தான்!

யோசித்துப் பாருங்கள் குட்டீஸ்... புதன்கிழமையும், ஞாயிற்றுக்கிழமையும் நாடகம் ஒன்று தான். பார்த்த கண்கள் தான் வேறு!

அதற்காக, குறை சொல்பவர் எல்லாம் தவறு என்று நினைத்து விடாதீர்கள். ஸ்டாப்பார்டே அதற்கு முன் பிரிஸ்டல் நகர பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதியவர் தான்! விமர்சனம் என்பது, ஒருவர் தனக்குத் தோன்றியதைச் சொல்வது. பரீட்சை மார்க் போல் அல்ல.

எனவே, அடுத்த முறை யாராவது குறை சொன்னால், அதை இரண்டாகப் பிரியுங்கள். 'வசனம் மறந்து போச்சு' என்றால், அது திருத்தக் கூடியது. நன்றி சொல்லி, பத்து முறை சொல்லிப் பாருங்கள். 'எனக்குப் பிடிக்கலை' என்றால், அது அவர் ரசனை. புன்னகைத்து விட்டு விடுங்கள்.

பாராட்டுக்கும் இதே கணக்கு தான். 'சூப்பர்' என்பவரிடம், 'எந்த இடம் பிடிச்சுது?' என்று கேளுங்கள்; அடுத்த முறை உதவும்.

முக்கியமாக, புதன்கிழமை வந்த விமர்சனத்தைப் படித்து விட்டு, வியாழக்கிழமை மேடைக்குப் போகாமல் இருந்து விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே!