நடுங்கும் ஸ்ரேறிங்: டம்பரைத் தொடும் முன்

கிண்ணியாப் பாலத்தின் இணைப்பு ஒன்றில் ஜீப்பின் முன்சில்லு ஏறி இறங்குகிறது. வேகம் எழுபதைத் தாண்டவில்லை. அடுத்த நொடியே ஸ்ரேறிங் இடமும் வலமுமாக உதறத் தொடங்குகிறது. இறுகப் பிடித்தாலும் அடங்குவதில்லை. வண்டியை நன்றாக மெதுவாக்கிய பிறகுதான் நிற்கிறது. உயரம் கூட்டிய ஜீப்புகளை ஓட்டுபவர்களுக்குப் பழக்கமான அச்சம் இது. கராஜுக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் முதலில் கழற்றப்படுவது, ஆட்டத்தை உறிஞ்சும் ஸ்ரேறிங் டம்பர்தான். புதியதைப் பூட்டியதும் உதறல் குறைகிறது, காசு கொடுத்தவருக்கும் நிம்மதி. கொஞ்ச நாளில் அது திரும்பி வருகிறது, பெரும்பாலும் முன்னைவிட மோசமாக. டம்பரைக் கடைசியில்தான் தொடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று யோசிக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வண்டி எப்போது நடுங்குகிறது?

ஜீப்பை உயர்த்துவதே வீண் ஆடம்பரம், உயர்த்தாமல் விட்டால் நடுக்கமும் வராது என்பார்கள் சிலர். வடகீழ்ப் பருவமழை நாட்களில் தம்பலகாமம், கந்தளாய் வயற்பாதைகளையோ வெருகல் பக்கத்து மணற்பாதைகளையோ கண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அங்கே அடித்தட்டு நிலத்தில் முட்டாமல் போவது பிழைப்போடு சம்பந்தப்பட்ட காரியம். ஆனால் உயர்த்தப்படும் வண்டிகள் பெரும்பாலும் வயதானவை. பழைய டிஃபென்டர், மிற்சுபிசி ஜீப், சுசுக்கி ஜிம்னி. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் ஓய்வுபெற்றிருக்கவேண்டிய பல வண்டிகள் தொடர்ந்து உழைத்தன. ஆண்டுதோறும் எடுக்கும் புகைப் பரிசோதனை புகையை மட்டுமே பார்க்கும். மூட்டுகளில் தேய்ந்த ரப்பர் புஷ்ஷை அது பார்க்காது.

இந்த ஜீப்புகளின் முன்பக்கத்தில் இரண்டு சில்லுகளையும் இணைத்து ஒரே இரும்பு அச்சு ஓடுகிறது. ஒரு சில்லு திரும்பினால் இரண்டையும் இணைக்கும் டை ரொட் மற்றதையும் திருப்பும். அதனால் ஒரு சில்லில் பிறக்கும் ஆட்டம் மற்றதுக்கும் போய், அங்கிருந்து திரும்பி வந்து வளரக்கூடும். 1920களின் மோட்டார் கார்களையே வாட்டிய பிரச்சினை இது. 1934இல் ஜெனரல் மோட்டர்ஸ் முன்சில்லுகளைத் தனித்தனியாகத் தொங்கவிடத் தொடங்கியதற்கு இந்த நடுக்கமும் ஒரு காரணம். டிஃபென்டரிலும் ஜிம்னியிலும் அந்த அச்சு இடம் வலமாக நகராமல் பிடித்து வைத்திருப்பது பான்ஹார்ட் ரொட் என்ற ஒற்றைக் கம்பி. முன்பின்னாகப் பிடித்திருப்பவை இரண்டு நீண்ட கைகள். ஸ்பிரிங்கை உயர்த்தும்போது இந்தக் கைகள் சாய்கின்றன, அவற்றோடு அச்சும் சற்றே உருள்கிறது. கையின் நீளம் 90 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு அங்குல உயர்வு அதை ஏறத்தாழ 3 பாகை சாய்க்கும். டிஃபென்டரின் காஸ்ரர் கோணமே 3 பாகைதான். சைக்கிளின் முன்கவை பின்பக்கம் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போக உதவுகிறது. ஜீப்பில் அந்த வேலையைச் செய்வது காஸ்ரர். உயர்த்திய வண்டியில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடலாம். கூடவே பான்ஹார்ட் ரொட்டின் சாய்வு கூடுவதால் அச்சும் ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. தொழிற்சாலை உயரத்தில் வெளியே தெரியாமலிருந்த சிறு தேய்வு, தாங்கிக்கொள்ள இடமில்லாமற்போனதும் உதறலாக வெளிப்படுகிறது.

இப்போது, வண்டி எப்போது நடுங்குகிறது என்ற கேள்விக்கு வருவோம். குறிப்பிட்ட வேகத்தில், எண்பதுக்கும் நூறுக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள், மெல்லத் தொடங்கி அந்த வேகத்தைக் கடந்ததும் அடங்கிவிடும் நடுக்கம் பெரும்பாலும் சில்லின் சமநிலைக் குறையே. திருகோணமலை மாவட்டத்தில் இதற்கு மலிவான காரணம் ஒன்று உண்டு: சேறு. வயலுக்குள் இறங்கி வந்த ஜீப்பின் றிம்முக்கு உள்பக்கம் களிமண் ஒட்டிக் காய்ந்துவிடுகிறது. வெளியே நின்று பார்த்தால் தெரியாது. 100 கிராம் களிதானே என்று நினைக்கத் தோன்றும். பதினைந்து அங்குல றிம்மில், எண்பது கிலோமீற்றர் வேகத்தில் அந்த 100 கிராம் ஏறத்தாழ ஏழு கிலோ எடைக்குச் சமமான விசையோடு, நொடிக்கு ஒன்பது பத்துத் தடவை சில்லைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. அந்தக் களியை அகற்றத் தண்ணீர்க் குழாயும் ஒரு தடியும் போதும். பிறேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்ரேறிங் துடித்தால் பிறேக் டிஸ்க்கைப் பார்க்கவேண்டும். கையில் ஒன்றும் தெரியாமல் இருக்கையும் தரையும் அதிர்ந்தால், உயர்த்தியதால் கோணம் மாறிய புரப்பெல்லர் ஷாஃப்டைச் சந்தேகிக்கலாம்.

பாலத்து இணைப்பிலோ குழியிலோ அடிபட்டதும் தொடங்கி, வேகம் குறையும்வரை விடாமல் தொடரும் உதறல் வேறு வகை. தளர்ந்த இணைப்பொன்று எங்கோ இருக்கிறது என்பதே அதன் பொருள். அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, இரண்டு பேர் போதும். வண்டி தன் சில்லுகளிலேயே சமதரையில் நிற்கட்டும். ஹான்ட் பிறேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பவர் ஸ்ரேறிங் வேலை செய்ய எஞ்சினை ஓடவிடுங்கள். ஒருவர் ஸ்ரேறிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு, விரைவாக ஆட்ட, மற்றவர் பக்கவாட்டில் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கவேண்டும். முதலில் பான்ஹார்ட் ரொட்டின் இரு முனைகள். அங்கே கம்பி நகருமுன் புஷ்ஷுக்குள் போல்ட் ஒரு மில்லிமீற்றர் அசைந்தாலும் குற்றவாளி கிடைத்துவிட்டது. பிறகு டை ரொட் முனைகள், ஸ்ரேறிங் பெட்டி, அது சேஸியில் பூட்டப்பட்ட இடம். அடுத்து எஞ்சினை நிறுத்தி, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கித் தாங்கிகளில் நிறுத்துங்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லூஸ் தெரிகிறதா? இன்னொருவர் பிறேக்கை மிதிக்கட்டும். லூஸ் மறைந்தால் சில்லுப் பேரிங், மறையாவிட்டால் சில்லு இடம் வலமாகத் திரும்பும் அச்சாணியான கிங்பின். இந்தச் சிறு உத்தி தேவையற்ற செலவு எவ்வளவையோ மிச்சப்படுத்தும். நிலாவெளிக் கரையோரத்தில் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்று புஷ்ஷின் இரும்புக் குழலை அரித்துவிடும். ரப்பர் முழுசாய்த் தெரிவதை நம்பி அதை விட்டுவிடக்கூடாது.

“டம்பர் மாற்றினேன், நின்றுவிட்டதே” என்பவருக்குப் பதில் சொல்லவேண்டும். நின்றது உண்மை. டம்பரின் வேலையே ஆட்டத்தின் சக்தியை உறிஞ்சுவதுதான். சீனன்குடாவில் இறங்கும் சிறு விமானங்களின் முன்சில்லுக்கும் இதே நோக்கத்தில் ஒரு டம்பர் உண்டு. 2019இல் ஜீப் ராங்லரின் உற்பத்தியாளரும் புதிய வண்டிகளுக்கு டம்பரைத்தான் மாற்றிக் கொடுக்க முன்வந்தார்கள். எனவே டம்பர் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முப்பது வருட ஜீப்பில் தளர்ந்த புஷ்ஷை விட்டுவிட்டு டம்பரை மாற்றினால், தேய்வு மறைவில் தொடர்கிறது. டம்பர் களைத்த அன்று முழுப் பலத்தோடு வெளியே வருகிறது. அலைன்மென்ட் பார்த்தாயிற்று என்ற பதிலும் இப்படித்தான். இரும்பு அச்சுள்ள வண்டியில் அலைன்மென்ட் மேடையில் திருத்தக்கூடியது பெரும்பாலும் டோ-இன், அதாவது முன்சில்லுகள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு மட்டுமே. காஸ்ரரை அது அளந்து காட்டும், மாற்றாது. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் மூட்டுத் தளர்வு அதில் தெரியவும் தெரியாது. உயர்த்தியதால் குறைந்த காஸ்ரரை மீட்க வேறு புஷ் போடுவது அவசியந்தான். ஆனால் அளவு மிஞ்சிய காஸ்ரர் உதறலைக் கூட்டவும் கூடும்; எனவே தளர்வை ஒழித்த பிறகு, அளந்து போடவேண்டியது அது.

ஹபரணை வீதியில், பின்னால் லொறி வரும்போது உதறல் தொடங்கினால் முதற்பயம் காலைப் பிறேக்கில் அழுத்தச் சொல்லும். கடுமையான பிறேக் முன்சில்லுகளில் பாரத்தை ஏற்றி ஆட்டத்தை மோசமாக்கலாம். அக்ஸிலறேற்றரை விட்டு, ஸ்ரேறிங்கை உதறலோடு மல்லுக்கட்டாமல் உறுதியாகப் பிடித்து, வேகம் தானாக இறங்கவிட்டு ஓரம் கட்டுங்கள். நிறுத்தியதும் உதறல் எந்த வேகத்தில் தொடங்கியது, எதில் அடிபட்டுத் தொடங்கியது, எந்த வேகத்தில் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கராஜில் முதலில் கொடுக்கவேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.