செங்கல்பட்டு வழி பல்லவர் காலச் சுற்றுலா

செங்கல்பட்டு வழிச் சுற்றுலா என்பது, செங்கல்பட்டு சந்திப்பை மையமாகக் கொண்டு தொடருந்திலும் பேருந்திலும் காஞ்சிபுரம், மாமல்லபுரம் ஆகிய பல்லவர் கால நகரங்களைக் கண்டுவரும் பயணமாகும். ஐரோப்பாவில் 1972-இல் அறிமுகமான இன்டர்ரெயில் பயணச்சீட்டு, தொடருந்தில் பழம்பெரும் நகரங்களைச் சுற்றும் வழக்கத்தை இளைஞரிடையே பரப்பியது. இங்கும் முதுகுப்பையுடன் நண்பர்கள் குழுவாக, குறைந்த செலவில் இத்தகைய பயணத்தை மேற்கொள்ளலாம்.

பயண வழி

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகப் புறநகர்த் தொடருந்துகள் செங்கல்பட்டு வரை இயங்குகின்றன. செங்கல்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரியைக் காணலாம். இங்கிருந்து பிரியும் அரக்கோணம் கிளைப்பாதை காஞ்சிபுரம் வழியாகச் செல்கிறது. மாமல்லபுரத்தில் தொடருந்து நிலையம் இல்லை. எனவே, திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவைச் சாலையில் கடக்க வேண்டும். காஞ்சிபுரக் கோயில்கள் பலவற்றில் நண்பகலில் நடை சாத்தப்படுவதால், இரண்டு நாட்கள் ஒதுக்குவது நலம்.

வரலாற்றுச் சிறப்பு

காஞ்சிபுரம் பல்லவரின் தலைநகர். மாமல்லபுரம் அவர்களின் துறைமுகம். இரண்டையும் சேர்த்துக் காண்போருக்குப் பல்லவர் கட்டடக்கலையின் வளர்ச்சி தெளிவாகும். மாமல்லபுரத்தின் மண்டபங்கள் பாறையில் குடையப்பட்டவை; இரதங்கள் ஒற்றைக்கல்லில் செதுக்கப்பட்டவை. கடற்கரைக் கோயிலோ கற்களை அடுக்கிக் கட்டப்பட்டது. அதனையும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் எழுப்பியவன், இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் ஆவான். ஒரு நகரை மட்டும் பார்த்துத் திரும்புவோருக்கு இத்தொடர்பு புலப்படுவதில்லை.

மாமல்லபுரத்தின் நினைவுச்சின்னங்கள் 1984-இல் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. அதன் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டையின் எச்சங்கள் உள்ளன.