ஊமைத் துன்பமும் உதவாத மாத்திரையும்

நீர்க்கடுப்பு கண்டால் உழைப்பாளி என்ன செய்கிறான்? இளநீர் குடிக்கிறான். அதற்கும் அடங்காவிட்டால் தெருமுனை மருந்துக் கடையில் சீட்டின்றி நான்கு மாத்திரை வாங்கி விழுங்குகிறான். எரிச்சல் சற்றுத் தணிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறான். ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று! அவனை மட்டும் குறை கூறி என்ன பயன்?

ஆனால் அரைகுறை மருந்து எல்லாக் கிருமியையும் கொல்வதில்லை. நலிந்ததைக் கொன்று, வலியதை வளர விடுகிறது. மருந்துக்கு அஞ்சாத கிருமி பெருகுவது இப்படித்தான். பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னார். 2019-இல் மட்டும் உலகில் 12 லட்சத்துக்கு மேற்பட்டோர் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் மாண்டதாக மதிப்பிட்டுள்ளனர்.

இந்த ஆபத்து எல்லோருக்கும் உண்டு. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கோ இன்னும் கடுமை. உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போது நீர்த்தாரையில் தொற்று எளிதில் பற்றும். சிறுநீரகத்துக்கும் இரத்தத்துக்கும் பரவினால் உயிருக்கே உலை!

இதில் ஒரு சிக்கலும் உண்டு. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு நுரையீரல் காய்ச்சல் முதலியவை வராமல் காக்க, 'கோட்ரைமாக்சசோல்' மாத்திரையை அன்றாடம் தருகிறார்கள். அது உயிர் காக்கும் மருந்து. டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. ஆனால் நாள்தோறும் உண்பதால் குடலில் வாழும் ஈ.கோலை கிருமி அதற்குப் பழகிவிடுகிறது. நீர்த்தாரைத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் அதே ஈ.கோலைதான். அப்போது அந்த மாத்திரை நீர்க்கடுப்புக்கு உதவாது.

அப்படியானால் வழி என்ன? சிறுநீரைச் சோதித்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிய வேண்டும். ஆஸ்பத்திரியில் 'கல்ச்சர்' என்கிறார்களே, அதுதான். முடிவு தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். டாக்டர் உடனே ஒரு மருந்து தொடங்குவார்; முடிவு வந்தபின் தேவையானால் மாற்றுவார். சொன்ன நாள் முழுதும் உண்பது நம் கடமை. கூட்டு மருந்தைத் தவறாமல் உண்டால் எதிர்ப்புச் சக்தியும் மீளும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில். கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும். 2004-இல் சர்க்கார் இலவசக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கியபோது, முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. இவ்வளவு செய்த நாட்டில் நோயாளி இன்னும் ஏன் ஒளிகிறான்? பழிச்சொல்லுக்கு அஞ்சி! டாக்டரிடமும் உண்மையை மறைக்கிறான். கடைக்காரர் தரும் மாத்திரையோடு திரும்புகிறான். கிருமியின் கொடுமையில் பாதி, மனிதர் செய்யும் கொடுமை!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2017-இல் நிறைவேறி 2018-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், வேலையிலும் சிகிச்சையிலும் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கிறது. வலிய நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றை விற்றால் டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் பதிந்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 முதல் உண்டு. ஏட்டிலே இருக்கும் சட்டம் நாட்டிலே நடக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்கிறோம்: கூட்டு மருந்து பெறும் ஒவ்வொருவருக்கும் கல்ச்சர் சோதனை அருகிலேயே இலவசமாகக் கிடைக்கட்டும். சோதனைக்குச் செல்லும் நாளுக்குக் கூலியோடு விடுப்பு வேண்டும். வேலைத்தலங்களில் பெண்களுக்குக் கழிப்பிடமும் குடிநீரும் வேண்டும். நீர் அருந்தாமல், அடக்கி அடக்கி நோயுறுவது அவர்கள்தாமே!

தோழர்களே! சங்கத்திலே ஒருவர் தம் நோயைச் சொன்னால் அதை ஊருக்குச் சொல்லாதீர்கள். அவரோடு ஆஸ்பத்திரிக்கு நடந்து செல்லுங்கள். சட்டம் தரும் உரிமையை அவர் கையில் சேர்ப்பது நம் வேலை.