தணக்குக் காயும் சேத்தக் ஹெலிகாப்டரும்

திருத்தணி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: முருகன் மலையில் நின்றால் தெற்கே ஹெலிகாப்டர் ஒன்று வட்டமடித்தபடியே இருக்கிறதாம். அது கடற்படையுடையது என்கிறார்கள், கடலில்லாத இந்தப் பக்கம் அதற்கு என்ன வேலை?

அரக்கோணத்தில் இருக்கிறது ஐ.என்.எஸ். ராஜாளி. 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கடராமன் தொடங்கிவைத்த கடற்படை விமானத் தளம். 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் இங்கிருந்துதான் பறந்தன. கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் ஹெலிகாப்டர் விமானிகளை உருவாக்கும் 561-ஆம் படைப்பிரிவு இங்கேதான் இருக்கிறது. ஆடும் கப்பலில் இறங்கப்போகிறவர்கள் முதலில் ஆடாத தரையில் பழகுகிறார்கள்.

அவர்கள் பழகும் சேத்தக், பிரான்சின் அலுவெட் 3 ஹெலிகாப்டரை நம் நாட்டில் தயாரித்த வடிவம். அதற்கு எஞ்சின் ஒன்றே ஒன்று. அது நின்றுபோனால்?

சிறுவயதில் எங்கள் ஊர்க் கரட்டில் தணக்கு மரத்தின் காய் பொறுக்குவோம். முயல் காது போல இரண்டு இறக்கை. பாறை மேலிருந்து விட்டால் தொப்பென்று விழாது. சுழன்று சுழன்று மெல்ல இறங்கும். எஞ்சின் நின்ற ஹெலிகாப்டரும் அப்படித்தான். விமானி உடனே நெம்புகோலைத் தாழ்த்தி இறக்கைகளின் சாய்வைக் குறைக்கிறார். கீழிருந்து மேலேறும் காற்று அவற்றைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. தரை நெருங்கியதும் மூக்கை உயர்த்தி வேகத்தைக் கொல்கிறார். கடைசி நொடியில் நெம்புகோலை மேலே இழுத்து, சுழற்சியில் மிச்சமிருக்கும் ஆற்றலைச் செலவழித்து, மெத்தென்று அமர்கிறார். அந்த இழுப்பு ஒருமுறைதான். முந்தினாலும் ஆபத்து, பிந்தினாலும் ஆபத்து. அதனால்தான் திரும்பத் திரும்பப் பயிற்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரையில் கட்டுமரம் கட்டத் தேடிப்போன லேசான மரங்களில் தணக்கும் ஒன்று. காய் காற்றில் மிதந்தது, கட்டை கடலில் மிதந்தது. நாங்கள் காய் பொறுக்கிய கரடு இன்று கல்குவாரி. அங்கே ஒரு தணக்குகூட மிஞ்சவில்லை. வனத்துறை நாற்றங்கால்களிலாவது இந்த மரம் வளர வேண்டும் என்பது என் ஆசை.

2024 ஜூனில் ராஜாளியில் 102-ஆவது ஹெலிகாப்டர் பயிற்சி வகுப்பை முடித்து 21 பேர் விமானிக்கான தங்கச் சிறகுச் சின்னம் பெற்றார்கள். அவர்களில் அனாமிகா பி. ராஜீவ், இந்தியக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி. திருத்தணி, அரக்கோணம் ஆசிரியர்களே, அடுத்த முறை அந்தச் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்தாதீர்கள். பிள்ளைகளை வெளியே அழைத்து வந்து காட்டுங்கள்.