அறுபது நொடி அறுகோணம்

முதல் ஆட்டம் பெரும்பாலும் ஐந்து நொடிகூடத் தாங்காது. திரையின் நடுவில் ஓர் அறுகோணம். அதன் விளிம்பை ஒட்டிக்கொண்டு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய முக்கோணம், அதுதான் நீங்கள். வெளியிலிருந்து சுவர்கள் நடுவை நோக்கிப் பாய்ந்து வரும். ஒவ்வொன்றிலும் எங்காவது ஓர் இடைவெளி இருக்கும். முக்கோணத்தைச் சுற்றி நகர்த்திச் சுவர் வந்து சேர்வதற்குள் அந்த இடைவெளியில் நிறுத்திவிட வேண்டும். இடது, வலது என்று இரண்டே பொத்தான்கள். குதிப்பது, சுடுவது, மூன்று உயிர், கடத்தப்பட்ட இளவரசி எதுவும் கிடையாது. மோதினால் ஒரு பெண் குரல் துளி வருத்தமும் இல்லாமல் 'கேம் ஓவர்' என்று சொல்லும். 60 நொடி தாக்குப்பிடித்துவிட்டால் அந்த நிலையை வென்றதாகக் கணக்கு.

'சூப்பர் ஹெக்ஸகன்' என்ற இந்த விளையாட்டை உருவாக்கியவர் அயர்லாந்துக்காரரான டெர்ரி கேவனா. 2012 தொடக்கத்தில் அவசர அவசரமாக எழுதிய ஒரு குட்டி ஆட்டத்தை விரித்து, அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் ஐபோனுக்கு வெளியிட்டார். கணினிக்கும் ஆண்ட்ராய்டுக்கும் பின்னால் வந்தது. பழைய கேம் பாய் கருவியையே வாத்தியமாக்கி இசையமைக்கும் வட அயர்லாந்தின் நீவ் ஹூஸ்டன், 'சிப்செல்' என்ற பெயரில் இதற்கு மூன்று பாடல்கள் கொடுத்தார். அந்தக் கல்நெஞ்சக் குரல், விளையாட்டுப் பத்திரிகையாளர் ஜென் ஃபிராங்க்குடையது. எளிது, நடுத்தரம் என்ற பேச்சே இல்லை. 'ஹார்ட்' என்று தொடங்கி 'ஹார்டெஸ்டெஸ்டெஸ்ட்' வரை ஆறு நிலைகள். ஆங்கில இலக்கண ஆசிரியர்கள் மன்னிப்பார்களாக.

இதை யாராவது விளையாடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் தவறாமல் சொல்வது, "இதுக்கெல்லாம் நல்ல ரிஃப்ளெக்ஸ் வேணும்பா" என்பதுதான். அது பாதிகூடச் சரியில்லை. உடலியலில் அனிச்சை என்பதே வேறு. சூடான பாத்திரத்தில் பட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அந்த முடிவைத் தண்டுவடமே எடுத்துவிடுகிறது. மூளைக்குச் சேதி அப்புறம்தான் போகிறது. திரையில் வரும் சுவரைப் பார்த்து விரலை அழுத்துவதற்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. விழித்திரையில் விழுந்த ஒளி நரம்புக் குறிப்பாக மாறவே பல மில்லிநொடிகள் பிடிக்கும். அது பின்மண்டையில் உள்ள பார்வைப் புறணிக்குப் போய், இன்னதென்று புரிந்து, என்ன செய்வதென்று முடிவாகி, தண்டுவடம் வழியாக இறங்கி முன்கைத் தசையைச் சுருக்க வேண்டும். 'விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து' என்ற எளிய சோதனைக்கே ஆரோக்கியமான இளைஞர் ஒருவருக்கு 200 முதல் 250 மில்லிநொடி ஆகிறது. சூப்பர் ஹெக்ஸகனின் கடிகாரம் ஒரு நொடியை 60 கூறாக்கிக் காட்டும். அந்தக் கணக்கில் 12 முதல் 15 கூறுகள் வெறும் காத்திருப்பிலேயே போய்விடுகின்றன.

இதுவும் ஒரே விளக்கு, ஒரே பொத்தான் என்றால்தான். எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்து அதற்கேற்ற பொத்தானைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நேரம் கூடும் என்பதை டச்சு உடலியலாளர் ஃபிரான்சிஸ்கஸ் டாண்டர்ஸ் 1868-லேயே அளந்து காட்டினார். வாய்ப்புகள் பெருகப் பெருக அந்த நேரம் எந்த விகிதத்தில் வளர்கிறது என்று 1952-ல் வில்லியம் ஹிக் கணக்கிட்டார். இந்த விளையாட்டிலோ எந்தப் பக்கம் என்பதோடு கேள்வி முடியவில்லை. எவ்வளவு நேரம் அழுத்துவது என்பதும் இருக்கிறது. ஆக, சுவரைப் பார்த்த பிறகு யோசித்து நகர்கிறவர் தோற்றே தீர வேண்டும். ஆனால் ஜெயிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நம்முடைய அதே மந்தமான நரம்புதான்.

இரகசியம் சுவர்கள் வரும் விதத்தில் இருக்கிறது. அவை செங்கல் செங்கலாகக் கண்டபடி வருவதில்லை. கேவனா சில கோலங்களை வடிவமைத்து வைத்திருக்கிறார். ஒன்றில், ஒரே ஒரு பக்கம் திறந்த சுவர் வரும், அதைத் தொடர்ந்து நேரெதிர்ப் பக்கம் திறந்த சுவர் வரும். அப்போது அரைச்சுற்று, மறுபடி அரைச்சுற்று. இன்னொன்று சுருள், பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும், நிறுத்தினால்தான் ஆபத்து. மற்றொன்றில் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் அடைத்த சுவர்கள் அடுக்காக வரும். ஒரு தட்டு இடம், ஒரு தட்டு வலம் என்று தாளம்போல் தட்டித் தப்பிக்கலாம். எந்தக் கோலத்துக்குப் பின் எது வரும் என்பது மட்டும் குலுக்கல். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் போகும். பழகியவர் கண்ணுக்குச் சொல் முழுசாக ஒரே வீச்சில் விழும். இங்கே நடப்பதும் அதுதான். புதியவர் ஏழெட்டுச் சுவர்களைப் பார்க்கிற இடத்தில் கைதேர்ந்தவர் ஒரே ஒரு பொருளைப் பார்க்கிறார். முதல் சுவர் திரை விளிம்பில் தலைகாட்டும்போதே அடுத்த மூன்று, நான்கு அசைவுகள் அவர் விரலில் தயாராகிவிடுகின்றன. எதிர்வினை நேரம் அவருக்கும் குறையவில்லை. ஆனால் சுவருக்கு ஒரு முறை செலவழிக்க வேண்டியதைக் கோலத்துக்கு ஒரு முறை செலவழிக்கிறார்.

சதுரங்கத்தில் இதைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. 1973-ல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும், நிஜ ஆட்டங்களில் உருவான பலகை நிலைகளை 5 நொடி மட்டும் காட்டிவிட்டு நினைவிலிருந்து காய்களை அடுக்கச் சொன்னார்கள். வல்லுநர் அசத்தினார், புதியவருக்கு நாலைந்து காய்களுக்கு மேல் வரவில்லை. அதே காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டியபோது வல்லுநரின் மேன்மை ஏறக்குறைய காணாமலே போனது. அவருடைய நினைவாற்றல் பெரிதாக இருக்கவில்லை, அவருக்குத் தெரிந்த கோலங்கள்தான் அதிகமாக இருந்தன.

2010-ல் வந்த 'சூப்பர் மீட் பாய்' இதே குடும்பம்தான்: குட்டி குட்டி நிலைகள், நொடிக்கொரு சாவு. ஆனால் அங்கே ஒவ்வொரு நிலையும் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும். ரம்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். பாடத்தை மனப்பாடம் செய்வதுபோல் வழியை மனப்பாடம் செய்யலாம். சூப்பர் ஹெக்ஸகனில் அந்தப் பாச்சா பலிக்காது. என் கணக்கில் இரண்டில் இதுதான் நேர்மையான பரீட்சை.

கண்ணுக்கும் இங்கே தனிப் பயிற்சி தேவைப்படுகிறது. புதியவர் தன் முக்கோணத்தையே முறைத்துப் பார்ப்பார். அப்புறம் பதறிப்போய் விளிம்பைப் பார்ப்பார். பார்வையை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவவைக்கவே சுமார் 200 மில்லிநொடி ஆகும். தாவும் கணத்தில் கண் சரியாகப் பார்ப்பதும் இல்லை. பழகியவர் பார்வையை நடுவில் தளர்வாக நிறுத்திவிட்டு, அசைவை எளிதில் பிடிக்கும் ஓரப்பார்வையிடம் வேலையை விட்டுவிடுகிறார். போதாக்குறைக்குத் திரை முழுவதுமே சுழல்கிறது. சுழலும் திசையும் திடீரென்று மாறும். மேல், கீழ் என்பதற்குப் பொருளே இல்லை, என் முக்கோணத்துக்கு இடமா வலமா என்பது மட்டுமே மிஞ்சுகிறது.

கடினமான நிலையில் கொஞ்ச நேரம் திண்டாடிவிட்டு முதல் நிலைக்குத் திரும்பினால், ஒரு வேடிக்கை நடக்கும். ஆரம்பத்தில் கொலைவெறியோடு வந்த அதே சுவர்கள் இப்போது அசைந்து அசைந்து வருவதாகத் தோன்றும். நரம்பணுக்கள் தொடர்ந்து பார்க்கும் வேகத்துக்குத் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்த ராபர்ட் ஆடம்ஸ், பாறை மேல்நோக்கி நகர்வதுபோல் தெரிந்ததை 1834-ல் பதிவுசெய்தார். அதற்கும் காரணம் இந்தச் சரிசெய்தல்தான். ஆட்டத்தை நிறுத்தியதும் எதிரே உள்ள வெற்றுச் சுவர் மெல்ல விரிவதுபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

செத்த மறுகணமே ஆட்டம் மீண்டும் தொடங்கிவிடும் என்பதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அசைவுகளைத் திருத்தும் வேலையில் பெரும்பங்கு சிறுமூளையுடையது. தவறு நடந்ததும் அதன் விளைவு உடனே கண்ணில் படும்போதுதான் அந்தத் திருத்தம் நன்றாக நடக்கிறது. இடையில் விளம்பரமும் சோக இசையும் ஓடினால் எந்த அசைவு தவறியது என்பது மங்கிவிடும். அதற்காக விடியவிடிய உட்கார வேண்டியதில்லை. விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள் தூங்கி எழுந்தபின், கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமலே சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டியதை மேத்யூ வாக்கர் குழு 2002-ல் கண்டது. ஐம்பதாவது நொடியிலேயே திரும்பத் திரும்ப விழுகிறவருக்கு, படுத்துத் தூங்குங்கள் என்பது விஞ்ஞானபூர்வமான அறிவுரை.

அந்த ஐம்பதாவது நொடிக்கு வேறு காரணமும் உண்டு. அதுவரை விரல் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். 'அட, வந்துட்டோமே' என்று ஒரு நினைப்பு, கண் திரை மூலையில் உள்ள கடிகாரத்துக்கு ஓடும், கதை முடிந்தது. தேர்ந்த கோல்ஃப் வீரர்களைத் தங்கள் அடியையே கவனித்தபடி பந்தைத் தள்ளச் சொன்னபோது, கவனத்தைத் திருப்ப வேறு வேலை கொடுத்தபோது ஆடியதைவிட மோசமாக ஆடினார்கள் என்று சியன் பைலாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2002-ல் காட்டியிருக்கிறார்கள். பழகிய கையை மேற்பார்வை பார்த்தால் அது தடுமாறுகிறது.

இதை விளையாடினால் மூளை கூர்மையாகுமா என்று கேட்பவர்களுக்கு: சூப்பர் ஹெக்ஸகனில் கூர்மையாகும். வேகமான துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் பார்வைக் கவனத்தை மேம்படுத்துவதாக ஷான் கிரீனும் டாஃப்னே பேவலியரும் 2003-ல் எழுதியதிலிருந்து, இந்தத் திறன் வாழ்க்கையின் மற்ற வேலைகளுக்கு எவ்வளவு தூரம் தாவும் என்ற சண்டை ஓயவில்லை. மூளைப் பயிற்சி என்று விற்கப்பட்ட 'லுமோசிட்டி'யின் நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்த புகாரைத் தீர்க்க 2016-ல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்டியது. கேவனா அப்படி எதையும் வாக்களிக்கவில்லை.

விளையாடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திரையின் நிறங்கள் இசையோடு சேர்ந்து விட்டுவிட்டுத் துடிக்கும். பளிச்சிடும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது. மற்றவர்களும் தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.